பூத்தொடுக்கும் விரலில் வெடிப்பு, கண்ணிமையில் தடிப்பு: எந்தப் பூ காரணம், எந்தக் கையுறை சரி?

சாட்ஸ்வொர்த் பூக்கடை:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் மாலையும் கல்யாண மேடை அலங்காரமும் செய்யும் ஒரு சிறு கடைக்காகக் கேட்கிறேன். வேலைக்கு ஐந்து பேர். தைப்பூசக் காவடி நெருங்குவதால் வேலை கூடப்போகிறது. அதற்குள் இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

ஒருவருக்கு வலது கையின் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் தோல் தடித்துக் காய்ந்து வெடிக்கிறது. ஆல்ஸ்ட்ரோமீரியா, ரோஜாத் தண்டுகளில் கீழ் இலையை உருவி வாளியில் வைப்பதுதான் அவர் வேலை. வினைல் கையுறை போட்டு இரண்டு மாதம் ஆகிறது, பலன் இல்லை.

இன்னொருவர் மாலை தொடுப்பவர், பெரும்பாலும் சாமந்தி. அவருக்குக் கையை விட முகத்தில்தான் அதிகம்: கண்ணிமை வீங்குகிறது, கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடித்து அரிக்கிறது. வெயிலில் போனால் எரிச்சல் என்கிறார்.

மூன்றாமவருக்கு ஜிப்சோஃபிலா (பூங்கொத்தில் இடைநிரப்பும் சிறு வெள்ளைப் பூ) கட்டைப் பிரித்த உடனே அடுக்குத் தும்மல். இப்போது இரவில் இருமலும் சேர்ந்திருக்கிறது.

எந்தப் பூவை நிறுத்த வேண்டும்? என்ன கையுறை? மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? மூவரும் வேலையை விட்டுவிட வேண்டியதுதானா?

தோல்பிரிவுத் தாதி:

மூன்றுக்கும் பொதுவாக "அலர்ஜி" என்று பெயர் வைத்து ஒரே மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றும் வேறு வேறு. உடம்பில் எந்த இடம் என்று நீங்கள் சரியாகக் குறித்திருப்பதால் பாதி வேலை முடிந்தது.

விரல் நுனிக்காரருக்குக் காரணம் பெரும்பாலும் ஆல்ஸ்ட்ரோமீரியாதான், ரோஜா அல்ல. அதன் தண்டிலும் இலையிலும் பூவிலும் டுலிபோசைட் என்ற பொருள் இருக்கிறது. இலையைக் கிள்ளும்போது செல் உடைந்து அது டுலிபாலின் ஏ ஆக மாறுகிறது. ஒவ்வாமையை உண்டாக்குவது இந்த டுலிபாலின். டூலிப் கிழங்கிலும் பூவிலும் இருப்பது இதே பொருள். கிழங்கு வேலை செய்கிறவர்களுக்கு வருவதை "டூலிப் விரல்" என்றே சொல்வார்கள். எனவே ஆல்ஸ்ட்ரோமீரியாவை நிறுத்திவிட்டு டூலிப்பைக் கையில் கொடுத்தால் பயனில்லை.

வினைல் கையுறை ஏன் உதவவில்லை என்றால், டுலிபாலின் அதை ஊடுருவிவிடும். உள்ளே வியர்வையும் சேர்ந்து விரலை ஊறவைப்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். நைட்ரைல் கையுறை தடுக்கும். இன்றே மாற்றுங்கள்.

நம் தோல் நிறத்தில் இந்த அழற்சி சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ தெரியும். "சிவக்கவே இல்லையே" என்று விட்டுவிடக் கூடாது. ஆறிய பின் கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். ஆல்ஸ்ட்ரோமீரியாவில் சிலருக்கு அதற்கு நேர்மாறாக, பட்ட இடம் வெளுத்துப்போவதும் உண்டு. அப்படி வெளுத்தால் உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சாமந்திக்காரர் விஷயத்தில் பலரும் மகரந்தம் என்று நினைப்பார்கள். தோலில் வரும் இந்தத் தடிப்புக்குக் காரணம் செஸ்கிடெர்பீன் லாக்டோன் என்ற பிசின் போன்ற பொருட்கள். சாமந்தியின் இலை, தண்டு, பூ மூன்றிலும் நுண்மயிர்களில் இருக்கும். செடி காய்ந்தாலும் வீரியம் போகாது. காய்ந்த இலை நொறுங்கித் தூசியாகப் பறந்து முகத்தில் படிவதால்தான், கையை விட இமையும் கழுத்தும் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

வெயிலா தூசியா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணாடி முன் நின்று மேல் இமை, காதுக்குப் பின்புறம், தாடைக்குக் கீழ் உள்ள நிழல் பகுதி, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் தடிப்பு இருந்தால் தூசி. அவை தெளிவாக இருந்து, நெற்றி, கன்னம், கழுத்தின் முக்கோணப் பகுதி மட்டும் தடித்திருந்தால் வெயில். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு: சாமந்திக் குடும்ப ஒவ்வாமை பல காலம் நீடித்தவர்களில் சிலருக்கு, பூவே இல்லாவிட்டாலும் வெயில் மட்டுமே தடிப்பைக் கிளப்பும் நிலை வந்துவிடும். எரிச்சல் என்று அவர் சொல்வதால் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாமவருக்குத் தோலில் ஒன்றும் இல்லை, நிமிடங்களில் தும்மல் வருகிறது. இது வேறு வகை, உடனடி ஒவ்வாமை. ஜிப்சோஃபிலாவால் பூக்கடைக்காரர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் பதிவான விஷயம். இரவு இருமலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூவரில் முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவர் இவர்.

நாரும் நூலும்:

பட்டறைப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

இலை உருவுவதைத் தனி மேசைக்கு மாற்றுங்கள். தொடுக்கும் மேசையிலேயே உருவினால் சாறு நூலில், கத்தரியில், பலகையில் எல்லாம் படியும். ஆல்ஸ்ட்ரோமீரியாவைத் தொடாதவர் கைக்கும் அது போய்ச் சேரும். கத்தரிப்பிடியையும் பலகையையும் ஒவ்வொரு வேளை முடிவிலும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறும் ஈரத்துணியால் துடைத்தால் சாறு பரவத்தான் செய்யும்.

உருவும் வேலைக்கு நீளக் கைப்பிடியுள்ள, மணிக்கட்டைத் தாண்டி வரும் தடித்த நைட்ரைல் கையுறை. சோதனைக் கூடத்தில் போடும் மெல்லிய வகை ரோஜா முள்ளில் ஐந்து நிமிடம் தாங்காது. உள்ளே வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டால் வியர்வையை இழுக்கும். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் உள் உறையை ஒரு மணிக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஓர் ஆளுக்கு ஆறு ஜோடி வைத்திருந்து தினமும் துவைத்துக்கொள்ளலாம். கழற்றும்போது வெளிப்புறத்தைத் தொடாமல் மணிக்கட்டுப் பக்கம் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். நாள் முழுக்கக் கையுறை போட்டுவிட்டு, கழற்றும்போது சாறு பட்ட விரலைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் வீண்.

மோதிரம், காப்பு, கைக்கயிறு எதுவும் வேண்டாம். அதனடியில் சாறும் சோப்பும் தங்கி அங்கேதான் முதலில் புண்ணாகும்.

துடைப்பத்தால் காய்ந்த தரையைக் கூட்டுவது சாமந்தி ஒவ்வாமை உள்ளவருக்கு மிகக் கெட்ட நேரம். முதலில் தண்ணீர் தெளித்து, பிறகு ஈரத்தோடு வழித்தெடுங்கள். அவர் அந்த நேரத்தில் உள்ளே இருக்கக் கூடாது. கோயிலிலிருந்து திரும்பும் பழைய மாலைகளையும் அவரிடம் கொடுக்காதீர்கள். புதுப் பூவை விட, மூன்று நாள் காய்ந்து நொறுங்கும் மாலையில்தான் தூசி அதிகம். அதை நனைத்துப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். எரிப்பது கூடவே கூடாது, குறிப்பாக அரளி கலந்த மாலையை. அரளிப் புகையும் நஞ்சு.

லில்லி வாங்கினால் மொட்டு வாய் திறக்கும்போதே, தூள் விடுவதற்கு முன்பாக, மகரந்தப் பைகளைத் தாளால் பிடித்துக் கிள்ளிவிடுங்கள். மூக்குத் தொல்லை உள்ளவருக்கும் நல்லது, புடவையில் கறையும் படாது.

ஜிப்சோஃபிலாவைக் காய்ந்த கட்டாக உதறக் கூடாது. கட்டோடு லேசாக நனைத்து, வாசல் பக்கம் வைத்து, வேறு ஆள் பிரிக்கட்டும். குளிர் அறைக்குள் வைத்துப் பிரிப்பதைத்தான் பல கடைகளில் செய்கிறார்கள். காற்றோட்டமே இல்லாத இடம் அது.

சாட்ஸ்வொர்த் பூக்கடை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கேட்க விட்டுப்போனவை சில. தொடுக்கும்போது கையுறை போட்டால் நூல் வழுக்குகிறது, முடிச்சு விழ மாட்டேன் என்கிறது. மாவிலைத் தோரணம் கட்டும் நாளில், சாமந்தி தொடுக்கும் அந்த அக்காவுக்குப் புறங்கையிலும் கொப்புளம் வந்தது. அதுவும் சாமந்திதானா? வீட்டுப் பெரியவர்கள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார்கள். இன்னொன்று: அவர் கால் பெருவிரலிலும் அதே தடிப்பு இருக்கிறது.

நாரும் நூலும்:

கால் பெருவிரலுக்குக் காரணம் நூல். தரையில் உட்கார்ந்து நூலைப் பெருவிரலில் மாட்டி இழுத்துத் தொடுக்கிறார் என்றால், பூச்சாறு ஊறிய நூல் அந்த இடத்தில் மணிக்கணக்கில் அழுந்தி உரசுகிறது. ஒரு மரப்பலகையில் ஆணி அடித்து, அல்லது மேசை விளிம்பில் ஒரு கொக்கி வைத்து, அதில் மாட்டச் சொல்லுங்கள். உயரம் நெஞ்சளவுக்குக் கீழே இருக்கட்டும். நெஞ்சளவுக்கு மேலே போனால் முகத்துக்கு நேரே பூ வந்துவிடும்.

நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உதட்டோரத்தில் தடிப்பு வந்தால் அதுதான் காரணம். கத்தரியை ஒரு கயிற்றில் இடுப்பில் கட்டித் தொங்கவிட்டால் பழக்கம் மாறும்.

வழுக்குவதற்கு இரண்டு காரணம். ஒன்று, கையுறை அளவு பெரிது. தொடுப்பவருக்கு ஓர் அளவு சிறியதாக, விரல் நுனியில் சொரசொரப்பு உள்ள மெல்லிய நைட்ரைல் வாங்குங்கள். இரண்டு, வழவழப்பான நைலான் நூல். பருத்தி நூலை நனைத்துப் பிழிந்து பயன்படுத்தினால் முடிச்சு நிற்கும். வாழைநார் இன்னும் நன்றாகப் பிடிக்கும். இதற்கும் சரிவராவிட்டால் கையுறையை விட்டுவிட்டு, பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் நைட்ரைல் விரலுறை மட்டும் போடலாம். ஆனால் சாமந்திக்காரருக்கு அது அரைப் பாதுகாப்புதான். அவருக்குப் பூவை மாற்றுவதே சரி. ரோஜாவும் கார்னேஷனும் தோல் ஒவ்வாமையை அரிதாகவே தருகின்றன. மாலையின் ரோஜாச் சரம் அவர் பங்கு, சாமந்திச் சரம் வேறொருவர் பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். செண்டுமல்லியும் சாமந்திக் குடும்பமே. அதை மாற்றுப் பூவாக நினைத்துவிட வேண்டாம்.

தோல்பிரிவுத் தாதி:

மாவிலை வேறு கணக்கு. மாமரம் முந்திரிக் குடும்பம். காம்பைக் கிள்ளும்போது வடியும் பாலில் ரெசார்சினால் வகைப் பொருட்கள் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு ஓரிரு நாள் கழித்து, பால் வழிந்த பாதையிலேயே, கோடு கோடாகக் கொப்புளம் வரும். அவருக்கு வந்தது கோடாக இருந்ததா, பரவலாக இருந்ததா என்று கேளுங்கள். இலையைப் பறித்ததும் காம்பைக் கீழ்நோக்கி வைத்துப் பாலை வடியவிட்டு, தண்ணீரில் அலசி, காய்ந்த பின் தோரணம் கட்டினால் தொல்லை பெரிதும் குறையும்.

மஞ்சள், வேப்பிலைப் பூச்சு பற்றி. பெரியவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள், ஆனால் வெடித்த தோலில் இலை அரைப்பு எதுவும் வேண்டாம். மஞ்சளே சிலருக்குத் தொடு ஒவ்வாமை தரும், மஞ்சள் கறையால் அழற்சியின் நிறமும் மறைந்துவிடும். இந்த ஊரில் நாம் வேப்பிலைக்குப் பதிலாகப் பறிப்பது பல நேரம் சிரிங்கா மரத்து இலை. அது மலைவேம்பு இனம், வேம்பு அல்ல. கோயிலில் கட்டுவது வேறு, புண்ணில் அரைத்துப் பூசுவது வேறு. சாமந்தி ஒவ்வாமை உள்ளவர் கெமோமைல், ஆர்னிகா, காலெண்டுலா என்று எழுதிய மூலிகைக் களிம்புகளையும் தவிர்க்க வேண்டும். மூன்றுமே அதே குடும்பம்.

களிம்பு பற்றி. ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் எழுதித்தந்தால் அளவு இப்படி: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். ஒரு கையின் உள்ளும் புறமும் சேர்த்துப் பூச அது போதும். இரண்டு கைக்கும் ஒரு வேளைக்கு 1 கிராம். நாளுக்கு ஒரு வேளை என்றால் 30 கிராம் குழாய் ஒரு மாதம். ஒரு வாரத்தில் தீர்ந்தால் அதிகம் பூசுகிறார் என்று பொருள். ஆறு மாதம் வந்தால் பூசவே இல்லை என்று பொருள். விரல் நுனிக்கு எழுதியதை இமைக்குப் பூசக் கூடாது. இமைத்தோல் மிக மெல்லியது, அதற்கு வேறு மருந்து. கடைத்தெருவில் பெட்டி இல்லாமல் விற்கும் "வெளுப்பாக்கும்" குழாய்களில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அதை முகத்தில் பூசிப் பழகினால் தோல் மெலிந்து, நிறுத்தும்போது கொப்பளிக்கும்.

கழுவுவதற்கு வாசனை சோப்பு வேண்டாம். எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட்டை ஈரக் கையில் குழைத்துத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, விரலிடுக்கு வரை ஒற்றித் துடைக்க வேண்டும். அக்வியஸ் கிரீமைக் கழுவப் பயன்படுத்தலாம், ஆனால் பூசி அப்படியே விடக் கூடாது. சிலவற்றில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கிறது, தோலைக் காயவைக்கும். இரவில் வாசனையில்லாத வாஸலினைத் தடவிப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்கட்டும். ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே, ஒவ்வாமை எதுவும் இல்லாதவர் தோலும் உடையும். உடைந்த தோல் வழியாகத்தான் டுலிபாலினும் லாக்டோனும் எளிதாக நுழைகின்றன. எனவே இதுவரை தொல்லை இல்லாத மற்ற இருவரும் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வாமை ஒருமுறை பதிந்துவிட்டால் வாழ்நாளுக்கும் போகாது. தடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இனாண்டா தோட்டம்:

சாமந்திக்காரருக்குக் கடைக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம். பார்த்தீனியம் வளர்கிறதா என்று வீட்டைச் சுற்றி, கடை வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் அது முதன்முதலில் பதிவானது 1880-இல், இங்கே இனாண்டாவில்தான். 1984-இல் டெமோய்னா புயல் வெள்ளத்துக்குப் பிறகு நாட்டால் மாகாணத்தில் வெகுவாகப் பரவியது. கேரட் இலை போன்ற இலை, சிறு வெள்ளைப் பூ. சாமந்திக் குடும்பம், அதே லாக்டோன் வகை. இந்தியாவில் காற்றில் பரவும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன செடி இது. கடையில் சாமந்தியை நிறுத்தியும் இமை வீக்கம் குறையாவிட்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பிடுங்குவது அவர் வேலையாக இருக்கக் கூடாது. வேறொருவர் பூக்கும் முன்பே, ஈரமண்ணில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு எடுக்கட்டும்.

மேடை அலங்காரத்துக்குக் காட்டிலிருந்து தழை வெட்டுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தென் கடற்கரைப் பக்கமும் கிழக்கு கேப்பிலும் ஸ்மோடிஞ்சியம் என்று ஒரு செடி உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை, பல் விளிம்பு, இலையுதிர்காலத்தில் அழகான சிவப்பு. அமெரிக்காவில் விஷப்படர்கொடி (பாய்சன் ஐவி) தோலில் கொப்புளம் கிளப்பிச் செய்வதை இது இங்கே செய்யும். பளிச்சென்ற நிறத்தைப் பார்த்து ஜாடிக்கு வெட்டிவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வளையத்தில் வைக்கும் சிவப்புமணிக் கொத்து, பிரேசில் மிளகு மரம், அதுவும் முந்திரிக் குடும்பமே. கடற்கரையோரம் தானாகவே மண்டிக்கிடக்கிறது. மாவிலைக்குக் கொப்புளம் வந்தவர் இந்த இரண்டையும் தொடக் கூடாது.

தோல்பிரிவுத் தாதி:

இனாண்டாக்காரர் சொன்னதை மருத்துவரிடமும் சொல்லுங்கள், சோதனைப் பட்டியலில் சேர்ப்பார்.

பேட்ச் டெஸ்ட், அதாவது தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை பற்றி. முதல் இருவருக்கும் இதுதான் தேவை. ரத்தப் பரிசோதனையோ ஊசிக்குத்துச் சோதனையோ இந்த வகைக்கு உதவாது. சிறு கிண்ணங்களில் பொருளை வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். சில பொருட்களுக்கு ஏழாம் நாளும் பார்க்க வேண்டும். ஆக, ஒரே வாரத்தில் மூன்று தடவை போகவேண்டும் என்று விடுப்பைக் கணக்கிடுங்கள். அந்த நாட்களில் முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்கும் வேலை கூடாது. ஜனவரியில் ஒட்டுப்பட்டை வியர்வையில் கழன்றுவிடும். முடிந்தால் ஜூன், ஜூலையில் வையுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத அளவு இருந்தால் குளிர்சாதன அறையில் இருக்கும் வாரமாகப் பார்த்துக்கொள்ளலாம். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு, வெயில் இரண்டும் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது விடையை மறைக்கும். தும்மல் மாத்திரை பேட்ச் டெஸ்ட்டைப் பாதிக்காது. மூன்றாமவரின் ஊசிக்குத்துச் சோதனைக்கு மட்டும் அதை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு நிறுத்த வேண்டும்.

வழக்கமான பட்டியலில் டுலிபாலின் இருக்காது. "பூக்கடை வேலை" என்று வாய்விட்டுச் சொல்லி, டுலிபாலின் ஏ, செஸ்கிடெர்பீன் லாக்டோன் கலவை, காம்பாசிட்டே (சாமந்திக் குடும்பச் செடிகள்) கலவை மூன்றையும் கேளுங்கள். கையுறை ரப்பரில் சேர்க்கும் தையூரம், கார்பமேட் பொருட்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். நைட்ரைலிலும் அவை உண்டு. கையுறை விளிம்பு முடியும் இடத்தில் வளையம் போல் தடிப்பு வந்தால் கையுறையே குற்றவாளி. அதற்கு முடுக்கிகள் எனப்படும் இந்தப் பொருட்களைச் சேர்க்காத நைட்ரைல் என்று தனி வகை கிடைக்கிறது.

பூவையே கொண்டுபோகலாம், ஆனால் வீட்டில் நீங்களே முதுகில் ஒட்டிப் பார்க்கக் கூடாது. சாறு வீரியமாக இருந்தால் ஒவ்வாமை இல்லாதவர் தோலும் வெந்து தவறான விடை தரும், இல்லாத ஒவ்வாமையும் புதிதாகப் பதிந்துவிடலாம். ஒவ்வொரு பூவையும் தனித்தனிப் பையில், தாவரப் பெயர் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "சாமந்தி" என்று மட்டும் எழுதினால் குழப்பம். நம்மில் சிலர் செண்டுமல்லியையும் துலுக்கச் சாமந்தி என்கிறோம். முதலாவது கிரிசாந்திமம், இரண்டாவது டாஜெடிஸ்.

பணிநலம் மாரிட்ஸ்பர்க்:

மூன்றாமவருக்கு மூச்சளவுக் கருவி (பீக் ஃப்ளோ மீட்டர்) ஒன்று வாங்கித் தாருங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். நாளுக்கு நான்கு முறை: எழுந்ததும், மதியம், வேலை முடிந்ததும், படுக்கும் முன். ஒவ்வொரு முறையும் மூன்று ஊதி, அதில் அதிக எண்ணை எழுத வேண்டும். பக்கத்தில் அன்று பிரித்த பூவின் பெயர். குறைந்தது இரண்டு வாரம் வேலையிலும் இரண்டு வாரம் வேலையில்லாமலும் எழுதியிருந்தால் மருத்துவர் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். விடுமுறையில் எண் ஏறி, வேலைக்குத் திரும்பியதும் இறங்கினால் தொழிலால் வந்த ஆஸ்துமா. ஒரே நாளுக்குள் 20 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கினால் தாமதிக்கவே வேண்டாம். இவருக்கு முகக்கவசம் போட்டு அதே வேலையில் வைத்திருப்பது தீர்வு ஆகாது. ஆஸ்துமாவில் விலகியிருக்கும் காலம் தாமதமானால் குணமாகும் வாய்ப்பு குறைகிறது.

சட்டப் பக்கம். 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டம் கேட்கும் பாதுகாப்புப் பொருளுக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கையுறை கடைச் செலவு. அதே ஆண்டின் 130-ஆம் எண் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களும் அடங்கும். நாள்கூலிக்கு வருகிறவர், பண்டிகைக் காலத்துக்கு மட்டும் வருகிறவர் எல்லோருக்கும் அது பொருந்தும். நோய் தொழிலால் வந்தது என்று தெரிந்ததும் 14 நாளுக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். முதலாளி நிரப்புவது டபிள்யூ.சி.எல். 1, தொழிலாளி நிரப்புவது டபிள்யூ.சி.எல். 14, மருத்துவர் எழுதுவது டபிள்யூ.சி.எல். 22. தொழிலாளி 12 மாதம் தாண்டவிடக் கூடாது. சீட்டில் "அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும். "தொழில்சார் ஒவ்வாமைத் தொடு தோலழற்சி, காரணம் டுலிபாலின் ஏ" என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். பேட்ச் டெஸ்ட் அறிக்கை இல்லாமல் அந்த வரியை யாரும் எழுத மாட்டார்கள். அதனால்தான் சோதனை முக்கியம். டர்பனில் வழி கிடைக்காவிட்டால் ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொழில்நல நிறுவனத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.

வாளி கழுவுவது பற்றி ஒரு வார்த்தை, இது ஒவ்வாமையாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பூ வாடாமல் இருக்கப் போடும் தூளில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் உண்டு. அந்தத் தண்ணீர் மிச்சமிருக்கும் வாளியில் ப்ளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு வரும். கண்ணெரிந்து இருமுவார்கள், பூ மேல் பழி விழும். முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, பிறகுதான் ப்ளீச்.

பூவைக் குத்தி வைக்கும் பச்சை நுரைக்கட்டியையும் காய்ந்த நிலையில் அறுக்காதீர்கள். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்தது அது. தூசி கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாக ஊறி அமிழும். ஊறிய பின் வெட்டுங்கள்.

தோல்பிரிவுத் தாதி:

ஒன்று விட்டுப்போயிற்று. ரோஜா முள் குத்திய இடத்தில் ஒரு கட்டி, அது புண்ணாகி, சில வாரத்தில் முழங்கையை நோக்கி வரிசையாக இன்னும் கட்டிகள் என்றால் அது ஒவ்வாமை இல்லை. ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை. கூடை அலங்காரத்தில் வைக்கும் ஸ்பாக்னம் பாசியிலும் முள்ளிலும் இருக்கும். 1940-களின் முற்பகுதியில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் மரத்தூண்களிலிருந்து ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களுக்கு வந்தது இதுவே. அரிப்பு பெரிதாக இருக்காது, வலியும் குறைவு, அதனால் கவனிக்காமல் விடுகிறார்கள். ஸ்டீராய்டு பூசினால் பரவும். பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். முள்ளில் குத்திய எந்தக் காயத்தையும் அன்றே சோப்புப் போட்டுக் கழுவி மூடி வையுங்கள்.

சாட்ஸ்வொர்த் பூக்கடை:

அந்த அக்காவின் கொப்புளம் கோடாகத்தான் இருந்ததாம், மணிக்கட்டிலிருந்து கீழே. காதுக்குப் பின்னாலும் தடிப்பு இருக்கிறது. கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளைப் பூச் செடி முழங்கால் உயரம் நிற்கிறது. படம் எடுத்து அனுப்பவா?

இனாண்டா தோட்டம்:

அனுப்புங்கள், இலையும் பூவும் தனித்தனியாகத் தெரியும்படி. நாளைக் காலையே வேறொருவரை விட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள், பனி ஈரம் இருக்கும்போதே. பிடுங்கியதைப் பையில் கட்டிப் போடுங்கள். அந்த அக்காவின் வேலைத்துணியை மற்றவர் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும், வெளியே அந்தச் செடி இருக்கும் பக்கம் காயப்போடவும் கூடாது.

தோல்பிரிவுத் தாதி:

அப்படியானால் அவருக்கு மாவிலை, சாமந்தி இரண்டுமே இருக்கலாம். இரண்டையும் சீட்டில் எழுதுங்கள். காவடிக்கு மாலை தொடுக்க அவர் உட்காரத்தான் வேண்டும் என்றால், ரோஜாச் சரத்தோடு, வாசலுக்கு அருகே, கூட்டும் ஆள் வருவதற்கு முன் எழுந்து போகும்படி நேரம் வைத்துக்கொடுங்கள். இமை வீக்கம் கண்ணைத் திறக்க முடியாத அளவு வந்தாலோ மூச்சு இழுத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.